படி மாறினால் பாட்டும் மாறும்

எப்படி இயங்குகிறது? பழைய இசைக் கோப்பு புதிய கணினியில் பாட மறுப்பது ஏன்

பௌர்ணமி இரவு. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க ஜனங்கள். பாதையோரம் ஒரு பந்தல், பந்தலுக்குப் பின்னால் ஓர் அண்டா, அண்டாவில் சாம்பார் சாதத்துக்கு உலை. நாற்பது வருஷமாக அந்த அன்னதானத்துக்குச் சமைத்த தாத்தா இப்போது இல்லை என்று வைத்துக்கொள்வோம். அவர் கையெழுத்தில் ஒரு பழுப்பேறிய தாள் மட்டும் இருக்கிறது. இந்த முறை கரண்டி பேரன் கையில்.

தாளில் இப்படி இருக்கிறது:

புளி: 2 வீசை
உப்பு: அரைப் படி
நம்ம பொடி: ஒரு சம்படம்
பெருங்காயம்: பரண்மேல் மூன்றாவது டப்பா
அரை நாழிகை கொதிக்க விடு

பேரனுக்கு எல்லா எழுத்தும் படிக்க வருகிறது. சாம்பார்தான் வரவில்லை.

இதே ஊரில் இன்னொரு காட்சியையும் கற்பனை செய்வோம். ஒரு பஜனைக் குழு 2010 வாக்கில் கிரிவலப் பாட்டு ஒன்றைப் பதிவு செய்தது. நாகஸ்வரமும் தம்புராவும் கீபோர்டில் வாசித்தவை. தவிலும் குரலும் நேரில் பதிந்தவை. இப்போது தீபத் திருவிழா வருகிறது. ஒரு சரணத்தை மட்டும் புதுக் குரலில் மாற்றினால் போதும். பழைய பென் டிரைவைத் தேடி எடுத்து, ப்ராஜெக்ட் ஃபைலைப் புதிய கணினியில் திறக்கிறார்கள். திரையில் எல்லா ட்ராக்கும் வரிசையாகத் தெரிகின்றன. ப்ளே பட்டனை அழுத்தினால் தவில் மட்டும் ஒலிக்கிறது. குரல் ட்ராக்கில் ‘கோப்பு கிடைக்கவில்லை’ என்று வருகிறது. நாகஸ்வரத்தின் இடத்தில் மௌனம்.

பேரனுக்கு வந்த அதே சங்கடம்தான் இவர்களுக்கும். தாத்தாவின் தாளை வரி வரியாகப் படித்தால், கணினியில் என்ன நடந்தது என்பது தானாகப் புரியும்.

ஃபைலுக்குள் பாட்டு இல்லை

முதலில் ஒரு சின்னக் கணக்கு. சி.டி.க்கான 44.1 கிலோஹெர்ட்ஸில், 24 பிட் தரத்தில், ஒரே குரலை ஐந்து நிமிடம் பதிந்தால் சுமார் 40 மெகாபைட் ஆகும். இருபது ட்ராக் கொண்ட பாட்டின் ப்ராஜெக்ட் ஃபைலோ பெரும்பாலும் சில மெகாபைட்டுக்குள் முடிந்துவிடும். அப்படியானால் பாட்டு எங்கே?

வேறு இடத்தில். ப்ராஜெக்ட் ஃபைலில் இருப்பது பட்டியல் மட்டுமே. எந்த ஒலித்துண்டு எந்த நொடியில் தொடங்க வேண்டும், எந்தக் கருவி எந்த ஸ்வரத்தை வாசிக்க வேண்டும், எதிரொலி எவ்வளவு சேர வேண்டும் என்ற குறிப்புகள். ஏபிள்டன் லைவ் என்ற மென்பொருளின் ஃபைலைச் சுருக்கம் அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே இருப்பது எக்ஸ்எம்எல் எழுத்துதான். பொறுமை இருந்தால் கண்ணாலேயே படிக்கலாம். ஒவ்வொரு தடவையும் நீங்கள் ப்ளே அழுத்தும்போது, மென்பொருள் அந்தப் பட்டியலைப் பார்த்து, அந்த நிமிடமே பாட்டைச் சமைத்துப் பரிமாறுகிறது.

சமையல் பட்டியல் எதுவும் முழுமையானது இல்லை. எழுதியவர் தன் சமையலறையை மனதில் வைத்துத்தான் எழுதுகிறார். எது எங்கே இருக்கும், எந்தக் கரண்டி, எந்த அடுப்பு என்பதெல்லாம் அவருக்குத் தெரியும், தாளுக்குத் தெரியாது.

‘பரண்மேல் மூன்றாவது டப்பா’

எளிய சிக்கலிலிருந்து தொடங்கலாம். வீடு மாறியாகிவிட்டது, புது வீட்டில் பரணே இல்லை. பெருங்காயம் மூட்டையில் எங்கோ இருக்கிறது, தாள் சொல்லும் இடத்தில் இல்லை.

குரல் ட்ராக்குக்கு நேர்ந்தது இதுதான். பழைய கணினியில் குரல் பதிவு ‘டி’ டிரைவில், ஒரு குறிப்பிட்ட ஃபோல்டரில் இருந்தது. பென் டிரைவுக்கு நகல் எடுத்தவர் ப்ராஜெக்ட் ஃபைல் இருந்த ஃபோல்டரை மட்டும் எடுத்தார். தாளை எடுத்துக்கொண்டு டப்பாவை வீட்டிலேயே விட்டுவிட்டார். தவில் தப்பித்ததற்குக் காரணம், யாரோ அதை ப்ராஜெக்ட் ஃபைலின் ஃபோல்டரிலேயே போட்டு வைத்திருந்தார்கள்.

இந்த நோய்க்கு மருந்து உண்டு. அநேகமாக எல்லா இசை மென்பொருளிலும், சிதறிக் கிடக்கும் ஒலிக்கோப்புகள் அனைத்தையும் ஒரே ஃபோல்டரில் கூட்டிச் சேமிக்கும் வசதி இருக்கிறது. ஊருக்குக் கிளம்புமுன் அஞ்சறைப் பெட்டியோடு எடுத்து வைப்பது போல. அதைச் செய்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிப் பாதிதான் சுவாரசியம்.

‘நம்ம பொடி’

தாத்தா சாம்பார்ப் பொடியின் சேர்மானத்தைத் தாளில் எழுதவில்லை. ‘நம்ம பொடி’ என்றார். அதை அரைத்த மில் மூடிவிட்டது என்றால் பேரன் என்ன செய்வான்?

இசை மென்பொருளில் இந்தப் பொடிக்குப் பெயர் ப்ளக்-இன். நாகஸ்வரம், தம்புரா, வயலின் என்று ஒவ்வொரு கருவியின் ஒலியையும், கோயில் மண்டபத்தில் பாடுவது போன்ற எதிரொலியையும் வேறு வேறு நிறுவனங்கள் அரைத்துத் தருகின்றன. பிரதான மென்பொருள் அவற்றை வாங்கிக் கலக்கும். வெளியார் பொடி தன் அண்டாவில் சேர ஒரு பொது விதி வேண்டும் அல்லவா? ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1996-ல் விஎஸ்டி என்ற விதியைக் கொண்டுவந்தது. 1999-ல் அதன் இரண்டாம் பதிப்பு, 2008-ல் மூன்றாம் பதிப்பு.

ப்ராஜெக்ட் ஃபைல் ஒரு ப்ளக்-இன்னைப் பற்றி இரண்டு விஷயங்களைத்தான் எழுதி வைக்கிறது. ஒன்று, அதன் அடையாளக் குறி. இரண்டு, அந்த ப்ளக்-இன் மூடிக் கொடுத்த ஒரு பொட்டலம். நாகஸ்வரத்தின் சுருதி, குழைவு, அளவு போன்ற அமைப்புகள் எல்லாம் அந்தப் பொட்டலத்துக்குள். பிரதான மென்பொருளுக்கு அதைப் பிரித்துப் படிக்கத் தெரியாது. பத்திரமாக வைத்திருந்து, அடுத்த முறை அதே ப்ளக்-இன்னிடம் திருப்பிக் கொடுக்க மட்டுமே தெரியும்.

இங்கே மூன்று விதமாகக் கெடலாம். ப்ளக்-இன்னே இல்லாவிட்டால் மௌனம். ப்ளக்-இன் இருந்து, அதன் புதிய பதிப்பு பழைய பொட்டலத்தைத் தவறாகப் பிரித்தால் வேறு ஒலி. மூன்றாவது வேடிக்கையானது: அதே கம்பெனியின் அதே நாகஸ்வரம் கணினியில் இருக்கும், ஆனாலும் ‘காணவில்லை’ என்றே திரை சொல்லும். விஎஸ்டி இரண்டில் அடையாளக் குறி நான்கே எழுத்து. மூன்றில் 16 பைட் நீளம். ‘நான்தான் அந்தப் பழைய ஆள்’ என்று தயாரித்தவர்கள் தனியாகச் சொல்லி வைக்காவிட்டால், பழைய பட்டியல் புதிய ஆளை அடையாளம் காணாது. தன் சொந்த மென்பொருள்களில் விஎஸ்டி இரண்டுக்கான ஆதரவை 24 மாதத்துக்குள் நிறுத்தப்போவதாக ஸ்டைன்பெர்க் 2022 ஜனவரியில் அறிவித்தது; பழைய பட்டியல்கள் வைத்திருந்தவர்கள் பலர் அப்போதுதான் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள்.

அச்சகத்தில் டிடிபி வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. பாமினி எழுத்துருவில் அடித்த பாட்டுப் புத்தகத்தை, பாமினி இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகச் சிதறிக் கிடக்கும். எழுத்து அழியவில்லை, எழுத்துக்கு உருவம் கொடுப்பது மட்டும் பக்கத்தில் இல்லை. யூனிகோட் வந்து அந்தத் தலைவலி பெருமளவு தீர்ந்தது. ஒலிக்கு அப்படி ஒரு யூனிகோட் இன்னும் வரவில்லை.

விறகு அடுப்பும் காஸ் அடுப்பும்

தாத்தா தாளில் அடுப்பைப் பற்றி எழுதவே இல்லை. அவர் காலத்தில் விறகு அடுப்பைத் தவிர வேறு கிடையாது, எதற்கு எழுத வேண்டும்?

2010-ல் நம் பஜனைக் குழுவின் கணினி 32 பிட். அதாவது ஒரு மென்பொருள் தன் நினைவகத் தட்டுகளுக்கு 32 இலக்க இரும எண்தான் போட முடியும். அந்தக் கணக்கில் 4 ஜிகாபைட்டோடு தட்டுகள் தீர்ந்துவிடும். ஒவ்வொரு ஸ்வரத்தையும் மெல்ல, பலமாக, குழைத்து என்று பல தடவை பதிந்து வைக்கும் இன்றைய கருவித் தொகுப்புகளுக்கு அந்த இடம் போதாது. அதனால் உலகமே 64 பிட்டுக்கு மாறியது. இசை மென்பொருள்களில், 2013-ல் ப்ரோ டூல்ஸ் 11-உம் லாஜிக் ப்ரோ எக்ஸும், 2016-ல் க்யூபேஸ் 9-உம், 2018-ல் ஏபிள்டன் லைவ் 10-உம் 32 பிட்டைக் கைவிட்டன.

ப்ளக்-இன்னும் பிரதான மென்பொருளும் ஒரே அண்டாவில் வேகிறவை. ஒரே நினைவகத்தைப் பகிர்கின்றன. ஆகவே 64 பிட் அண்டாவில் 32 பிட் பொடியை நேரடியாகப் போட முடியாது. விண்டோஸில் இதற்கு ஒரு சமாளிப்பு உண்டு. பழைய ப்ளக்-இன்னைத் தனியாக ஒரு மூலையில் ஓடவிட்டு, ஒலியை மட்டும் வாங்கி வந்து சேர்ப்பது. பக்கத்து வீட்டு விறகு அடுப்பில் வதக்கி வாங்கி வருவது போல. மேக் கணினிகளில் அந்தப் பக்கத்து வீடும் போய்விட்டது. 2019 அக்டோபரில் வந்த கேட்டலினா என்ற இயங்குதளப் பதிப்பு 32 பிட் மென்பொருள்களை இயக்குவதையே நிறுத்தியது. அடுத்த ஆண்டு நவம்பரில் ஆப்பிள் தன் சொந்த எம்1 சிப்புக்கு மாறியபோது அடுப்பு இன்னொரு முறை மாறியது. ரொசெட்டா 2 என்ற மொழிபெயர்ப்பாளர் பழைய நிரல்களுக்குக் கைகொடுத்தார்.

சில நேரம் கடையே கைமாறும். ஏ.ஆர். ரஹ்மான் பயன்படுத்துவதால் தமிழ் ரசிகர்களுக்கும் பெயர் தெரிந்த லாஜிக்கை உருவாக்கியது ஈமேஜிக் என்ற ஜெர்மன் நிறுவனம். அது மேக், விண்டோஸ் இரண்டிலும் ஓடிக்கொண்டிருந்தது. 2002 ஜூலையில் ஆப்பிள் அந்த நிறுவனத்தை வாங்கியது; விண்டோஸ் பதிப்பு அத்தோடு நின்றது. விண்டோஸில் லாஜிக் பாட்டு வைத்திருந்தவர்கள் கணினியை மாற்ற வேண்டும், அல்லது பாட்டை மறக்க வேண்டும்.

‘இரண்டு வீசை’

ஒரு வீசை என்றால் 40 பலம், ஏறத்தாழ 1.4 கிலோ. இந்தியாவில் மெட்ரிக் அளவை 1958 அக்டோபரில் தொடங்கி, அறுபதுகளில் எங்கும் கட்டாயமானது. அதற்கு முன்பே, 1951-ல் வெளிவந்த எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ பழைய அளவுகளில் எழுதப்பட்டது. இன்றைய வாசகர் கையில் ஒரு மாற்றுக் கணக்கு இருந்தால் அதைப் பார்த்து நன்றாகவே சமைக்கலாம். ஆனால் 1951-ல் இருந்த ஒரு சமையல்காரரிடம் ‘700 கிராம்’ என்று நீட்டினால்? அவருக்குக் கணக்குத் தெரியாததால் இல்லை. அந்தச் சொல்லே அவர் சந்தையில் அப்போது இல்லை.

மென்பொருள் பதிப்புகளின் ஒருவழிப் பாதை இதுதான். புதியது பழையதைப் படிக்கும், ஏனென்றால் பழையது எப்படி இருந்தது என்று அதை எழுதியவர்களுக்குத் தெரியும். பழையதால் புதியதைப் படிக்க முடியாது. எதிர்காலத்தில் என்ன வரும் என்று யாரும் அதற்குச் சொல்லி வைக்கவில்லை. ஏபிள்டன் லைவின் புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு திறக்காது. எஃப்எல் ஸ்டூடியோ, லாஜிக் எல்லாவற்றிலும் ஏறக்குறைய இதே கதை. ப்ரோ டூல்ஸில் பழைய வடிவத்துக்கு நகல் எடுத்துக் கொடுக்கும் வசதி இருக்கிறது. அப்போதும் புதுச் சரக்குகள் கழிந்துபோகும்.

நடைமுறையில் இது எங்கே கடிக்கிறது? திருவண்ணாமலையில் ஒருவர் ட்ராக் போடுகிறார். சென்னையில் சாலிகிராமத்திலோ வடபழனியிலோ ஒருவர் மிக்ஸ் செய்கிறார். இங்கே இருப்பவர் நேற்றுதான் அப்டேட் போட்டார். அங்கே இருப்பவர் மூன்று வருஷமாகத் தொடவில்லை. சோம்பேறித்தனம் இல்லை அது. பந்தியில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது யாரும் அடுப்பை மாற்றமாட்டார்கள்.

இதில் மிக மோசமான தவறு ஒரு விநாடியில் நடக்கும்: பழைய ஃபைலைப் புதிய பதிப்பில் திறந்து, அதே பெயரில் சேமித்துவிடுவது. தாத்தாவின் தாளில் வீசையை அழித்துவிட்டுக் கிலோ எழுதியாகிவிட்டது. மாற்றிய கணக்கு தப்பென்றால் திரும்பிப் பார்க்க மூலம் இல்லை.

‘அரைப் படி’

இதுவரை சொன்னவை எல்லாம் ஏதாவது ஒரு எச்சரிக்கையோடு கெடுபவை. இனி வருவது சத்தமில்லாமல் கெடுப்பது.

ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு. ஆனால் படியின் அளவு ஊருக்கு ஊர் வேறு; பட்டணம் படி பெரிது. தாளில் ‘அரைப் படி உப்பு’ என்று இருக்கிறது. பேரனும் தவறாமல் அரைப் படிதான் போட்டான். அளந்த படி வேறு.

கீபோர்டில் வாசித்ததைக் கணினி பதிவு செய்யும் முறைக்கு மிடி என்று பெயர், 1983-ல் வந்தது. அதில் ஒலி இருக்காது. எந்தக் கட்டையை, எவ்வளவு பலமாக, எவ்வளவு நேரம் அழுத்தினீர்கள் என்ற எண்கள்தான் இருக்கும். நம் சங்கீதத்துக்கு உயிரான கமகம், ஜாரு எல்லாம் ‘பிட்ச் பெண்ட்’ என்ற சக்கரத்தின் வழியே வருகின்றன. அந்தச் சக்கரத்தின் நிலை 0 முதல் 16,383 வரை ஓர் எண்ணாகப் பதிவாகும். நடு நிலை 8,192.

கவனியுங்கள்: முழுதாக மேலே தள்ளினால் எத்தனை ஸ்வரஸ்தானம் ஏற வேண்டும் என்பது அந்த எண்ணில் இல்லை. அது வாசிக்கும் கருவியின் அமைப்பில் இருக்கிறது. அதுதான் படி. பல கருவிகளில் வழக்கமான அளவு இரண்டு அரைச்சுரம். நாகஸ்வரத்தின் நீண்ட இழைப்புக்காக நம் ப்ரோகிராமர் 2010-ல் அதை 12 ஆக வைத்திருந்தார் என்போம். ஸ-விலிருந்து சுத்த மத்யமத்துக்கு, அதாவது ஐந்து அரைச்சுரம், ஒரு ஜாரு. புதிய கணினியில் புதிய நாகஸ்வரம் இரண்டிலேயே நிற்கிறது. அதே எண்கள் இப்போது ஐந்துக்குப் பதில் 0.83 அரைச்சுரம்தான் ஏற்றும். மத்யமத்துக்குப் போக வேண்டியது சுத்த ரிஷபத்தைக்கூடத் தொடாமல் நின்றுவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. ராகம் மட்டும் காணாமல் போயிருக்கும்.

இந்த வீச்சைச் சொல்லவும் மிடியில் தனிச் செய்தி ஒன்று உண்டு. எல்லோரும் அதை அனுப்புவதில்லை; எல்லாக் கருவியும் அதைக் கேட்பதும் இல்லை. பியானோவில் குத்திக் குத்தி வாசிக்கும் இசைக்கு இது பெரிய நஷ்டமில்லை. நமக்கோ கமகம் போனால் எல்லாம் போயிற்று.

‘அரை நாழிகை’

ஒரு நாழிகை 24 நிமிடம். அரை நாழிகை என்றால் 12 நிமிடம். பேரன் அதை அரை மணி என்று படித்தால் குழம்பு சுண்டிப்போகும்.

ஒலிப்பதிவு என்பது அலையை விநாடிக்கு இத்தனை முறை அளந்து எழுதுவது. சி.டி.க்கு 44,100 தடவை; சினிமாவுக்கும் வீடியோவுக்கும் வழக்கமாக 48,000 தடவை. 48,000-இல் பதிந்த பாட்டை 44,100 என்று நினைத்து ஓட்டினால் ஐந்து நிமிடப் பாட்டு ஐந்து நிமிடம் 26 விநாடி ஆகும். சுருதி கிட்டத்தட்ட ஒன்றரை அரைச்சுரம் இறங்கும். பாடகருக்குத் தொண்டை கட்டியது போல இருக்கும். தாளம் மலையேறி வந்து களைத்தது போல இருக்கும். நல்ல மென்பொருள்கள் வித்தியாசத்தைக் கண்டு கேட்கும். கேள்வியைப் படிக்காமல் ‘சரி’ என்று தட்டுவது நாம்தான்.

பூட்டிய ஸ்டோர் ரூம்

கடைசியாக ஒன்று: எல்லாச் சாமானும் இருக்கிறது, சாவி இல்லை. சில மென்பொருள்கள் ‘டாங்கிள்’ என்ற யுஎஸ்பி சாவி செருகினால்தான் திறக்கும். ஸ்டைன்பெர்க் 2022-ல் அதை விட்டு இணையவழி உரிமத்துக்கு மாறியது; பழைய சாவிகளுக்கான சேவையை 2025 மே மாதம் மூடியது. சாவிக்குள் ஏற்கெனவே இருக்கும் உரிமம் வேலை செய்யும். சாவியே பழுதானால் வேறு சாவி வெட்டித்தர ஆளில்லை.

வற்றல் போட்டு வையுங்கள்

சரி, பதினைந்து வருஷம் கழித்தும் பாட்டு கெடாமல் இருக்க என்ன வழி? வீட்டுப் பாட்டிகள் இதைக் கோடைக்குக் கோடை செய்து காட்டியிருக்கிறார்கள். கத்திரிக்காய் வீட்டில் நிற்காது. கத்திரி வற்றல் நிற்கும். எந்த அடுப்பிலும் வறுக்கலாம், எந்தச் சமையலறையிலும் குழம்பு வைக்கலாம். அதைத் திரும்பப் பச்சைக் கத்திரிக்காய் ஆக்க மட்டும் முடியாது.

இசையில் அந்த வற்றலுக்குப் பெயர் வேவ் கோப்பு. மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் 1991-ல் கொண்டுவந்த வடிவம். தொடக்கத்தில் சில குறிப்புகள்: எத்தனை தடம், விநாடிக்கு எத்தனை அளவை, ஓர் அளவைக்கு எத்தனை பிட். பிறகு வெறும் எண்கள். எதையும் சமைக்கச் சொல்லாமல், சமைத்த முடிவையே வைத்திருப்பதால் அதற்கு ப்ளக்-இன் தேவையில்லை, பொட்டலம் பிரிக்க வேண்டியதில்லை. இன்றைய எந்த இசை மென்பொருளும் அதைத் திறக்கும்.

ஆகவே ஒரு பாட்டு முடிந்த அன்றே இவற்றைச் செய்துவிடுவது நல்லது:

நாகஸ்வரம், தம்புரா, தவில், குரல் என்று ஒவ்வொன்றையும் தனித்தனி வேவ் கோப்பாக எடுங்கள். எல்லாமே பாட்டின் முதல் விநாடியிலிருந்து தொடங்கட்டும்; அப்போதுதான் எங்கே வைத்தாலும் ஒன்றோடொன்று பொருந்தும்.

மிடியைத் தனிக் கோப்பாக எடுத்து வையுங்கள். அது பச்சரிசி மாதிரி. சோறு இல்லை, ஆனால் மறுபடி வடிக்கலாம். பிட்ச் பெண்ட் வீச்சு எவ்வளவு என்று பக்கத்தில் எழுதுங்கள்.

ஒரு சாதாரண உரைக் கோப்பில் மென்பொருளின் பெயர், பதிப்பு எண், ப்ளக்-இன்களின் பட்டியல், கட்டை சுருதி, தாளத்தின் வேகம், 44.1-ஆ 48-ஆ என்பதைக் குறித்து வையுங்கள். யூனிகோடில்.

பழைய ஃபைலைப் புதிய பதிப்பில் திறந்தால், வேறு பெயரில் மட்டும் சேமியுங்கள்.

2023-ல் பிட்விக், ப்ரீசோனஸ் நிறுவனங்கள் டாப்ராஜெக்ட் என்ற திறந்த பட்டியல் வடிவத்தைக் கொண்டுவந்தன. ஒரு மென்பொருளின் பட்டியலை இன்னொன்று படிக்க வேண்டும் என்பது நோக்கம். நல்ல முயற்சி. ஆனாலும் பட்டியலில் ‘நம்ம பொடி’ என்ற வரி இருக்கும்வரை பொடியும் கூடவே வர வேண்டும்.

இளையராஜாவின் பழக்கம் இங்கே நினைவுக்கு வருகிறது. அவர் இசையைக் காகிதத்தில் மேற்கத்திய இசைக்குறிப்பாக எழுதிவிடுபவர். திருவாசகத்துக்கு அவர் அமைத்து 2005-ல் வெளிவந்த இசையைப் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசித்தது. தமிழ் தெரியாத ஹங்கேரிக்காரர்கள் தாளைப் பார்த்தார்கள், வாசித்தார்கள். எந்தப் பதிப்பு என்று யாரும் கேட்கவில்லை.

அந்தத் திருவாசகத்தின் ஒரு பகுதியான திருவெம்பாவை திருவண்ணாமலையில் பாடப்பட்டது என்பது மரபு. கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைப் பக்கம், அதைப் பாடிய மாணிக்கவாசகருக்கு ஒரு சிறு கோயிலும் இருக்கிறது. அந்தப் பாட்டு ஓலையில் வந்தது. ஓலை செல்லரிக்கும், ஒடியும். அது இற்றுப்போகும் முன் யாராவது ஒருவர் உட்கார்ந்து புது ஓலையில் எழுத வேண்டும். அந்த வேலைக்குத் தமிழில் ‘படி எடுத்தல்’ என்று பெயர்.

பஜனைக் குழுவின் பென் டிரைவுக்கும் அதே வேலைதான் பாக்கி இருந்தது. பழைய கணினி ஓடிக்கொண்டிருந்தவரை, ஒரு மத்தியானம் போதுமாயிருந்திருக்கும்.